பட்டணத்துச் சபைகளின் மிஷனரிக் கமிட்டிகளுக்கு: ஜூன் மாத உதவியைப் பற்றி ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, பெங்களூரு, மும்பை, துபாய் முதலான ஊர்களில் உள்ள தமிழ்ச் சபைகளின் மிஷனரிக் கமிட்டி, சமூகப்பணிக் கமிட்டி, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் கிராமங்களில், மிஷனரிமார் காலத்திலிருந்து நடந்துவரும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்களும் பார்த்து ஓய்வு பெற்றவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். பள்ளி திறந்ததும் ஜூன் மாதத்தில் வேன் வைத்து எங்கள் ஊர்களுக்கு வருகிறீர்கள். பை, நோட்டு, தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு பிரியாணிப் பொட்டலம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். அதில் குறை சொல்ல வரவில்லை.

கேட்பது ஒன்றுதான். ஒரே நாளில் கொண்டுவந்து இறக்குகிற அந்தப் பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் கொடுங்கள். பொருளாக வேண்டாம், ஆள் சம்பளமாகவும் பராமரிப்புச் செலவாகவும் கொடுங்கள். கமிட்டிக் கூட்டத்தில் இதற்குச் சம்மதம் வாங்குவது லேசான காரியமில்லை என்று எங்களுக்கும் தெரியும். பையென்றால் சபையின் பெயரை அச்சடிக்கலாம். கக்கூஸ் கழுவுகிறவரின் சம்பளத்தில் எதை அச்சடிப்பது?

முதலில், அரசாங்கமே கொடுப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். தமிழ்வழி உதவிபெறும் பள்ளிகளுக்கும் பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, கிரையான் அல்லது கலர் பென்சில் விலையில்லாமல் வருகின்றன. சத்துணவு சாப்பிடுகிற 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை உண்டு. மதியம் முட்டையோடு சோறு. காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு மிஷன் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். ஆக, நீங்கள் கொண்டுவருகிற பை அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது பை. சில ஊர்களில் இரண்டு சபைகள் வந்துபோனால் மூன்றாவது பை. அது வீட்டில் பனங்கிழங்கும் ரேஷன் கார்டும் வைக்கிற பையாகிவிடுகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: உதவிபெறும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடக்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவுக்கு இவை வருவதில்லை. இந்த ஆண்டு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டீர்களானால், தலைமையாசிரியரிடம் கேட்டு அப்படி விடுபட்ட பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள்.

அரசாங்கம் கொடுக்காதது எது? ஆசிரியர் சம்பளம் வருகிறது. கட்டடம், கழிப்பறை, தண்ணீர், துப்புரவு, காவல் எல்லாம் நிர்வாகத்தின் தலையில். பராமரிப்பு மானியம் என்று வருவது சுண்ணாம்பு அடிக்கவே காணாது. ஆங்கிலேயர் காலக் கல்விக் கொள்கையான 1854-ஆம் ஆண்டின் வுட் அறிக்கையிலிருந்து நம் நாட்டில் வேரூன்றிய உதவி மானிய முறையின் அடிப்படையே, அரசு ஒரு பங்கு, பள்ளியை நடத்துகிற சங்கம் ஒரு பங்கு என்பதுதான். அந்த இரண்டாவது பங்கை அந்தக் காலத்தில் மிஷன் சங்கங்கள் கொடுத்தன. அவை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த இடம் பெரும்பாலான கிராமங்களில் காலியாகவே கிடக்கிறது.

பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயருக்குரிய அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. இங்கிலாந்தில் இருந்தபடியே இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டவர். அவர் நினைவாகச் சிநேகிதிகள் சேர்த்த பணம், கிராமங்களுக்குப் பெண் ஆசிரியைகளைத் தயார் செய்கிற பள்ளியாக எழும்பியது. சட்டையும் சிலேட்டும் வாங்கிக் கொடுத்திருந்தால் இரண்டு வருஷத்தில் காணாமல் போயிருக்கும். தூரத்திலிருந்து கொடுக்கிறவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எங்களுக்குத் தெரியவில்லை.

கழிப்பறையிலிருந்து தொடங்குகிறோம். கட்டிக்கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள். திறப்புவிழாக் கல்வெட்டும் வைக்கிறார்கள். ஆறு மாதத்தில் பூட்டு தொங்குகிறது. காரணம் மூன்று. முதலாவது, தண்ணீர். நகரத்துக் கட்டடக்காரர் போடும் சாதாரணப் பீங்கானுக்கு ஒரு தடவைக்கு ஒரு வாளித் தண்ணீராவது வேண்டும். கிராமத்துக்கென்றே சரிவு அதிகமாக, 25 முதல் 28 டிகிரி வரை வைத்துச் செய்த பீங்கானும் 20 மில்லிமீட்டர் நீர்மட்டம் நிற்கிற பி-டிராப் என்கிற வளைகுழாயும் போட்டால் இரண்டு லிட்டர் போதும். விலையில் பெரிய வித்தியாசமில்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, குழி. இரட்டைக் குழி முறையில் ஒரு நேரத்தில் ஒரு குழிதான் வேலை செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற ஒய் வடிவத் தொட்டியில் ஒரு வாயைச் செங்கல் வைத்து அடைக்கக் கொத்தனார் மறந்துவிடுவார். இரண்டு குழியும் சேர்ந்தே நிறையும், மாற்றிவிட இடமிருக்காது. அடைத்து வைத்திருந்தால், நிறைந்த குழியை ஒன்றரை, இரண்டு வருஷம் ஆறப்போட்டு எருவாக அள்ளலாம். சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரி மணலில் குழிக்குச் சுவர் கட்டாவிட்டால் மணல் சரியும், இடைவெளியில்லாமல் மொத்தமாகக் கட்டி மூடினால் தண்ணீர் இறங்காது; தேன்கூடு போலச் சிறு இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 10 மீட்டர் தள்ளியிருக்கட்டும். வாடை வருகிறதென்று ஆசிட்டும் பினாயிலும் ஊற்றினால் குழிக்குள் மக்கவைக்கிற கிருமிகள் செத்துப்போகும். பிரஷ்ஷும் சோப்புத்தூளும் போதும்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: கழுவ ஆளில்லை. பிள்ளைகளைக் கழுவச் சொல்வது குற்றம், சொல்லவும் கூடாது. ஆசிரியர் கழுவுவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தினமும் காலை 8 மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என இரண்டு தடவை வந்து போகிறவருக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 36,000. கையுறை, பூட்ஸ், நீளக் கைப்பிடிப் பிரஷ் வாங்கிக் கொடுங்கள். ஒரு சாதிக்காரரைத்தான் இந்த வேலைக்குக் கூப்பிடுவது என்கிற ஊர் வழக்கத்துக்கு உங்கள் காசு துணைபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஒழுங்காக இருந்தால், சத்துணவு வேலை கேட்டுக் கிடைக்காத பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி 1,000 லிட்டர் என்றால் ஒரு நிரப்புக்கு 4 முதல் 5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு டீஸ்பூன் கணக்கு. கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரைமணி நேரம் விட வேண்டும். எங்கள் பக்கத்து உப்புத்தண்ணீரில் பித்தளைக் குழாயின் வாஷர் சீக்கிரம் போய்விடும். நான்கு பிளாஸ்டிக் குழாய், ஒரு டஜன் வாஷர், ஒரு டெஃப்ளான் டேப் சுருள் அலமாரியில் இருந்தால் 20 ரூபாய்க் கோளாறுக்காகத் தொட்டி ராத்திரியெல்லாம் ஒழுகாது.

அடுத்தது கூரை. பல பள்ளிகளின் வகுப்பறை இன்றும் மங்களூர் ஓட்டின் கீழ்தான். ஓடு நல்லது, மே மாத வெயிலிலும் உள்ளே உட்கார முடியும். நீங்கள் பரிதாபப்பட்டுத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தால், மழை பெய்யும்போது வாத்தியார் கத்துவது முன்வரிசைக்கே கேட்காது. ஓட்டுக்கு வேண்டியது ஆண்டுக்கு ஒரு தடவை கை வைப்பது. காலாண்டு விடுமுறையில், ஐப்பசி மழைக்கு முன்னால், உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், கரையான் அரித்த ரீப்பர் சட்டத்தை எடுக்க வேண்டும். ஒரு சூளை ஓடு இன்னொரு சூளை ஓட்டோடு சேராது. காடி பொருந்தாமல் இடைவெளி விழும். அதனால் அதே முத்திரை உள்ள ஓடு 100 கிடைக்கும்போது வாங்கி அடுக்கி வைத்துவிடுங்கள். பழைய வீடு இடிக்கிற இடங்களில் மலிவாகக் கிடைக்கும்.

புதிதாக எதைக் கட்டுவதானாலும் தாளாளரையும் தலைமையாசிரியரையும் கேட்காமல் தொடாதீர்கள். பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என நான்கும் வேண்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகிய பிறகு கீற்றுக் கொட்டகை என்ற பேச்சுக்கே இடமில்லை. நிழலுக்கென்று வாலிபர் சங்கம் ஒரே நாளில் போட்ட பந்தலால் சான்று நின்றுபோனால், அதைப் பிரிக்கிற வேலை தலைமையாசிரியர் தலையில்தான் விழும்.

இனிப் படிப்பு. பள்ளிக்கூடம் இருப்பது இதற்காகத்தானே.

5ஆம் வகுப்புப் பிள்ளை பாடத்தை மடமடவென்று வாசிக்கும். வந்திருக்கிற விருந்தினர் கைதட்டுவார். அந்தப் பிள்ளை வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறது. கண்டுபிடிக்க வழி எளிது: வரியின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லை எட்டினால், அதற்கு எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். எங்கே சிக்குகிறது என்பதும் பெரும்பாலும் ஒரே இடம்தான். கொம்பும் காலும் சேர்கிற எழுத்துகள். ‘கொ’ என்பதைக் ‘கெ’, ‘கா’ என்று இரண்டாகப் பிய்த்து வாசிக்கும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசம் கண்ணில் படாது. மெய்யெழுத்துப் புள்ளியை விழுங்கிவிடும். ல, ள, ழ தடுமாற்றம் எழுத்தில் வரும். ஆனால் அதற்காக வாசிப்பை நிறுத்திவைக்க வேண்டியதில்லை, அது பின்னால் தானாகச் சரியாகும். கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பது, அதுவும் நடுவில் பூஜ்யம் வருகிற 403-இல் 127 போன்ற கழித்தல், பிறகு வகுத்தல். இந்த இரண்டைத் தாண்டிவிட்டால் 6ஆம் வகுப்பில் தாக்குப்பிடிக்கும்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் இதைப் பள்ளி நேரத்தில் செய்யப் பார்க்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது சரியான யோசனை. ஆனால் இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்துகிற இடத்தில், ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால், மற்றவர் 40 பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அதனால்தான் மாலைப் படிப்பகம் வேண்டும் என்கிறோம்.

பல சபைகள் படிப்பகம் தொடங்குகின்றன. ஒரு வருஷம் ஓடி நின்றுவிடுகிறது. ஓடுகிற படிப்பகம் எப்படி இருக்கும் என்று சொல்கிறோம்.

அந்த ஊரிலேயே இருக்கிற, பிளஸ் டூவோ டிகிரியோ முடித்த பெண் ஒருவர். 20 பிள்ளைகளுக்கு ஒருவர். 21-ஆவது பிள்ளை வந்தால் பரவாயில்லை, 35 ஆனால் இரண்டாவது ஆள் வேண்டும். மாலை 5 முதல் 7 வரை. வந்ததும் சுண்டல்; 20 பேருக்கு அரைக் கிலோ கடலை ஊறப்போட்டால் போதும். பசியோடு உட்காருகிற பிள்ளைக்கு எழுத்து ஏறாது. பிறகு 40 நிமிஷம் வாசிப்பு, 30 நிமிஷம் கணக்கு, 20 நிமிஷம் எழுத்து, கடைசியில் இஷ்டப்பட்ட கதைப்புத்தகம். வகுப்பு வாரியாக உட்கார வைக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, 2ஆம் வகுப்புப் புத்தகத்தில் நான்கு வரி வாசிக்கச் சொல்லி, எழுத்து நிலை, சொல் நிலை, வாக்கிய நிலை, பத்தி நிலை என்று பிரிக்க வேண்டும். ஒரு நீள நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி. ஆறு வாரத்துக்கொரு தடவை திரும்பச் சோதித்துத் தேதி போட்டுக் குறிக்க வேண்டும். கமிட்டி கேட்க வேண்டிய ரிப்போர்ட் அந்த ஒரு பக்கம் மட்டுமே.

நடுவில் கெட்டுப்போகிற இடம்: வீட்டுப்பாடம். பெற்றோர் கேட்பார்கள், பிள்ளைகளும் கேட்கும், படிப்பகம் மெல்ல மெல்ல வீட்டுப்பாடம் எழுதி முடிக்கிற இடமாகிவிடும். நன்றாக வாசிக்கிற பிள்ளை எழுத, மற்றவை பார்த்து எழுதும். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மேல் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

புத்தகம் வாங்கித் தருகிறவர்கள் பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, 16 பக்கம் என்ற அளவில் 100 தலைப்புகள் வாங்குங்கள். ஒரே புத்தகத்தில் 50 பிரதி வேண்டாம். கூடவே ஒரு கடிதமும் கொடுங்கள்: ‘ஆண்டுக்குப் பத்தில் ஒரு புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் கணக்குக் கேட்க மாட்டோம்’ என்று. இந்த வரி எழுத்தில் இல்லாவிட்டால் புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறி, பீரோவில் பூட்டப்பட்டு, ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

எங்கே நடத்துவது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோவில் (சர்ச்) வளாகத்தில் வைத்தால் கோவில் இருக்கிற தெருப் பிள்ளைகள் மட்டும் வருவார்கள். அடுத்த தெருக்காரர் அனுப்ப மாட்டார்; சில ஊர்களில் அனுப்பினாலும் வரவிட மாட்டார்கள். சாதி திருமுழுக்குத் தண்ணீரில் கரைந்துவிட்டதாக நாம் வெளியே சொல்லிக்கொள்ளலாம்; படிப்பகத்தின் வருகைப் பதிவேடு வேறு சொல்லும். பள்ளி வராந்தாதான் எல்லோருக்கும் பொது.

இன்னொன்று. சிலருக்குக் கசக்கும். படிப்பகத்தையும் சபையின் ஓய்வுநாள் வேதபாடப் பள்ளியையும் தனித்தனியாக வையுங்கள். எங்கள் பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்து வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஊர்கள் உண்டு. அரசு உதவி பெறும் நிறுவனத்தில் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல, சிறு பிள்ளையென்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 28(3) சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், எழுத்து கற்றுக்கொள்ள வந்த பிள்ளையிடம் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வைத்தால், அடுத்த வாரம் அதன் தாய் வேறு காரணம் சொல்லி நிறுத்திக்கொள்வாள். நம் பழைய வேதாகமத் தமிழ் முதல் வாசிப்புக்கு ஏற்றதும் இல்லை. நாம் யார் என்று ஊருக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும்.

பிள்ளைகள் எங்கே குறைந்துபோகிறார்கள் என்பதையும் பாருங்கள். மூன்றரை வயதில் மெட்ரிக் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கு வந்து எல்கேஜிக்குக் கூட்டிப் போகிறது. 1ஆம் வகுப்புக்கு எங்களிடம் திரும்பி வருவதில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கும். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 ஆனால் 3. அந்த ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி. முறையான அனுமதியோடு ஒரு எல்கேஜி ஆசிரியை, ஒரு ஆயா இவர்களின் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிற சபை, உண்மையில் அந்தப் பள்ளியின் மூன்றாவது ஆசிரியரைக் காப்பாற்றுகிறது. இதைச் செய்யும்போது நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்: காலியாகிற உதவிபெறும் பணியிடத்தை இத்தனை மாதத்துக்குள் நிரப்புவோம், அதற்குப் பணம் கைமாறாது என்று. பணியிடத்துக்கு விலை பேசுகிற வழக்கம் நம் சபைகளில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. உங்கள் தற்காலிக உதவி அந்தக் காலியிடத்தை வசதியாக நீட்டிவைக்கிற சாக்காகிவிடக் கூடாது.

பனையேறும் குடும்பங்களில் சில இன்னும் மாசி, பங்குனியில் விடிலிக்கு, அதாவது பனங்காட்டுக் குடிசைக்கு, கிளம்பி ஆடி வரை அங்கேயே தங்குகின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளை ஊரில் இல்லை. இவர்களுக்காக விடுதி கட்ட ஆசைப்படாதீர்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகள் தங்கும் எந்த விடுதிக்கும் ஆட்சியரிடம் உரிமம் வேண்டும், வார்டன், காவலாளி, இடவசதி என்று எல்லாம் வேண்டும். பாட்டியோடு பிள்ளை ஊரில் இருக்க வழி செய்தாலே போதும். அரிசி ரேஷனில் விலையில்லாமல் வந்துவிடும். பருப்பு, எண்ணெய், முட்டை, கொஞ்சம் காய்கறிச் செலவை நான்கு மாதத்துக்கு ஏற்றுக்கொண்டால் பாட்டி வைத்துக்கொள்வாள்.

காகித வேலைக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். உங்கள் சபையில் கம்ப்யூட்டர் தெரிந்த வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருவதைவிட இது பெரிய உதவி. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, முன்னெழுத்து வேறு. இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் உதவித்தொகை திரும்பிப்போகிறது. முதலில் பிறப்புச் சான்றையும் ஆதாரையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். பிறகு எமிஸ் எனும் பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவு. அதன் பிறகு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு மத்திய அரசின் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகச் சான்று வரும். ஆனால் மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்ற பிரிவு உண்டு. இது தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தென்காசி பக்கத்தில் தாய்க்குப் பீடித்தொழிலாளர் அட்டை இருந்தால் பிள்ளைக்குத் தனி உதவித்தொகை உண்டு.

8ஆம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். மனத்திறன் 90 வினா, படிப்புத்திறன் 90 வினா. அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள். பழைய வினாத்தாள் நகல் எடுத்துக்கொடுத்து, ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமை தோறும் மனத்திறன் பகுதியை மட்டும் பழக்கினாலே வித்தியாசம் தெரியும். அது பள்ளிப் பாடத்தில் இல்லாத பகுதி என்பதால் கிராமத்துப் பிள்ளை அங்கேதான் விழுகிறது.

பணம் அனுப்புகிற வழி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாட்டுத் தமிழர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவதும், வெளிநாட்டில் பதிவான சபையின் கணக்கிலிருந்து வருவதும் ஆகும், அதை எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவுள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு அதை வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. சேகரத்து ஐயர் (போதகர்) கணக்கிலோ தலைமையாசிரியர் கணக்கிலோ போடாதீர்கள்; நல்லெண்ணத்தோடு போட்டாலும் மாட்டிக்கொள்வது அவர்தான். தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் ஒருவர் என மூவரில் இருவர் கையெழுத்துப் போடும் தனிக் கணக்கு இருந்தால் போதும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 45 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளி. துப்புரவு ஆண்டுக்கு 36,000. படிப்பக ஆசிரியை ஒருவருக்கு மாதம் 5,000 வீதம் 11 மாதம் 55,000. சோப்புத்தூள், பிரஷ், பல்பு, வாஷர் என்று மாதம் 700, ஆண்டுக்கு 8,400. புத்தகம் 10,000. ஓடும் மோட்டாரும் பழுது பார்க்க ஒதுக்கீடு 15,000. மொத்தம் 1,24,400. மாதம் 10,400-க்குள் அடங்கும். 52 குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆயிற்று. சுண்டலை ஊர்ச் சபையே பார்த்துக்கொள்ளும். எங்கள் பாட்டிமார் தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துச் சேர்த்த கைப்பிடி அரிசிக் காணிக்கையில்தான் பல ஊர்ச் சபைகள் நடந்தன. வருஷத்துக்கொரு தடவை மூட்டையாகக் கொடுக்கச் சொன்னால் அவர்களாலும் முடிந்திருக்காது.

குறைந்தது மூன்று வருஷம் என்று முடிவெடுத்துத் தொடங்குங்கள். நிறுத்துவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள். சம்பளம் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி போய்ச் சேரட்டும். இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்தப் பெண் தூத்துக்குடி ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள், போவதும் நியாயம். மார்ச் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் தேவைகளை எழுதிக் கேளுங்கள். மே மாதம் கேட்டால் அவரும் பை என்றே எழுதிக் கொடுப்பார். கேட்கிறவர் மனம் கோணக் கூடாதென்று.

வருகிறவர்களுக்கு இரண்டு விதி. எந்த விருந்தினரும் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும். தப்பு நடந்ததாகத் தெரிந்தால் சபைக்குள் பேசி முடிக்கிற வேலை ஆகாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். உதவி எண் 1098. அடுத்தது, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையில் பொருளைக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். வேண்டுமென்றால் ஓட்டையும் குழாயையும் படம் எடுத்துப் போங்கள், கமிட்டிக்கு அதுதான் பயன்படும்.

ஜூனில் வர வேண்டாம். கார்த்திகையில், மழை நேரத்தில், ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை முன்கூட்டிப் பெரிதாக அறிவிக்காமல் வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு வந்தால் போதும். எங்கே ஒழுகுகிறது, கழிப்பறையில் பூட்டு தொங்குகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பள்ளி விடுவதற்குள் பார்த்துவிடலாம். ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் உட்கார்ந்து அந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாப்பாடு கொண்டுவர வேண்டாம், சால்வையும் வேண்டாம்.

இப்படிக்கு,
தென்மாவட்டக் கிராம உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்